முழங்காலுக்குக் கீழே வெந்நீர்

கண்ணை மூடிக்கொண்டு உலகம் முழுவதையும் சுற்றி வரக்கூடிய ஒரே மனிதர் நியூஜெர்சி மாநிலம் எடிசனில்தான் இருந்தார் என்று நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்யத் தயார். அவர் பெயர் 'கடைசியாக அண்ணாச்சி'. அப்பா அம்மா வைத்த பெயர் வேறு ஒன்று இருந்தது. அது அவருடைய பாஸ்போர்ட்டுக்கும், அவர் மனைவியான எங்கள் மதினிக்கும் மட்டும்தான் தெரியும். மதினி அதை வாயால் சொல்ல மாட்டார்.

தொண்ணூறுகளின் கடைசியில், ஒய்டூகே என்ற கம்ப்யூட்டர் தேதிக் கோளாறின் புண்ணியத்தில் அமெரிக்கா வந்து இறங்கிய கூட்டத்தில் நானும் ஒருவன். தூத்துக்குடிக்காரன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடிசன் சுற்றுவட்டாரத் தமிழ்க் கிறிஸ்தவர்களெல்லாம் அண்ணாச்சி வீட்டில் கூடுவோம். முதலில் பாட்டு, அப்புறம் யாராவது பத்து நிமிடம் பேசுவார்கள், அப்புறம் எல்லாரும் தரையில் முழங்கால் போட, அண்ணாச்சி ஜெபம் செய்வார், அப்புறம் மதினி சமைத்த சாப்பாடு. நான் பாட்டுக்கும் பேச்சுக்கும் வந்தேன் என்று இத்தனை வருஷம் கழித்துப் பொய் சொல்ல விரும்பவில்லை.

அண்ணாச்சியின் ஜெபம் எருசலேமில் கிளம்பும். ஐரோப்பாவில் எல்லா அரசாங்கங்களையும் விசாரித்துவிட்டு ஆப்பிரிக்காவில் இறங்கும். மழை பெய்யாத நாடுகளுக்கு மழை கேட்பார், அதிகமாகப் பெய்யும் நாடுகளுக்குக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லிக் கேட்பார். டெல்லியில் ஆட்சி நிலைக்க வேண்டும் என்பார். அந்தக் காலத்தில் டெல்லி ஆட்சி இருந்த நிலைக்கு அங்கேயே கொஞ்சம் நேரம் ஆகும். "கடைசியாக, ஆண்டவரே" என்பார். புதிதாக வந்தவர்கள் அப்பாடா என்று மூச்சு விடுவார்கள். பழைய ஆட்களுக்குத் தெரியும், அது முதலாவது கடைசியாக. அதற்குப் பிறகுதான் ரயில் மதுரையைத் தாண்டித் தெற்கே திரும்பும்.

இங்கே தரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கூட்டம் நடப்பது இரண்டு கார் நிறுத்தும் கராஜில். கதவை எடுத்துவிட்டுச் சுவர் வைத்து அண்ணாச்சியே ஹாலாக மாற்றியிருந்தார். தரை மட்டும் அதே பழைய கான்கிரீட், மேலே கண்துடைப்புக்கு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் ஷீட். ஜனவரி மாதத்தில் அந்தத் தரையில் முழங்கால் வைத்தால் குளிர் முட்டியில் நுழைந்து, தொடையில் ஏறி, பல்லில் வந்து நிற்கும். ஜெபம் திருநெல்வேலியை நெருங்கும்போதே கூட்டத்தில் இருமல் தொடங்கும். நாகர்கோவிலில் அனைவரும் இருமுவோம். அண்ணாச்சிக்கு ஜாடை புரிந்து, பாதியில் நிறுத்தி ஆமென் சொல்லிவிடுவார். எங்கள் ஜெபம் ஒருநாளும் விமானம் ஏறி எடிசனுக்கு வந்ததில்லை.

என் அறைத்தோழன் ஜெபராஜ் மெட்ராஸ்காரன், கிரிக்கெட் பைத்தியம். ஒரு வெள்ளிக்கிழமை பேன்ட்டுக்கு உள்ளே விக்கெட் கீப்பர் பேடு கட்டிக்கொண்டு வந்துவிட்டான். முழங்கால் போடும்போது 'தொப்' என்று சத்தம் கேட்டு அண்ணாச்சி ஜெபத்தை நிறுத்தி, "என்னடே விழுந்துச்சு?" என்றார். ஆப்பிரிக்காவை விட்டு அவர் பாதியில் திரும்பியது அந்த ஒரு தடவைதான்.

அந்த அக்டோபரில் எங்கள் கூட்டத்து டாக்டரம்மா குண்டைப் போட்டார். அரை மணி தூரத்துப் பிரிட்ஜ்வாட்டரில் அவருக்குப் பெரிய வீடு, தரைக்குக் கீழே பேஸ்மென்ட் முழுக்கக் கார்ப்பெட், கால் வைத்தால் கணுக்கால் வரை உள்ளே போகும். ஆஸ்பத்திரியில் இரவு பகல் டியூட்டி பார்த்துவிட்டு அப்படியே கூட்டத்துக்கு வருவார். அன்று சாப்பிட்டு முடித்ததும் எழுந்து நின்றார்.

"அண்ணாச்சி, டோன்ட் மிஸ்டேக் மீ. இந்த ஃப்ளோர்ல இன்னொரு வின்டர் என்னால முடியாது. எல்லாரோட முட்டியும் என்கிட்டதான் ட்ரீட்மென்ட்டுக்கு வருது. இனிமே மீட்டிங்க நம்ம பேஸ்மென்ட்ல வெச்சுக்கலாமே. ஃபுட் கேட்டரிங் சொல்லிடலாம், மதினிக்கும் ரெஸ்ட்."

யாரும் மறுக்கவில்லை. மறுக்க எழுந்திருக்க வேண்டும், எங்களுக்கு முட்டி மரத்துப் போயிருந்தது. அண்ணாச்சி குனிந்து தரையைத் தட்டிப் பார்த்தார். பிறகு, "கிறிஸ்துமஸ் வரைக்கும் டைம் குடுங்கம்மா. தரைய நான் சரி பண்ணுதேன்" என்றார். டாக்டரம்மா சரி என்றார். கிறிஸ்துமஸுக்குள் தரை சூடாகாவிட்டால் புது வருஷத்திலிருந்து பிரிட்ஜ்வாட்டர்.

பாத்திரம் கழுவ நின்றபோது நான்தான் யோசனை சொன்னேன். "கார்ப்பெட் போட்டுடலாமே அண்ணாச்சி?"

"கார்ப்பெட்டுல மீன் கொழம்பு கொட்டுனா அந்த வாடைக்கு வீட்டை வித்துட்டுப் போணும்டே."

"அப்ப நாற்காலி?"

"நாக்காலில உக்காந்து ஜெபிச்சா பஸ்ஸுக்குக் காத்து நிக்கவன் மாதிரி இருக்கும்." ஒரு தட்டைத் துடைத்ததையே திரும்பத் துடைத்தார். மதினி மேலே போய்விட்டாரா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மவ கலிபோர்னியாவுல. மவன் பாஸ்டன்ல. ஞாயித்துக்கெழம போன் பண்ணி ஹவ் ஆர் யூ கேக்காங்க, ஃபைன்னு சொல்லுதோம், முடிஞ்சிருது. வெள்ளிக்கெழமயும் இல்லேன்னா அவ யாருக்குடே ஆக்குவா? வியாழக்கெழமயே அரைக்க ஆரம்பிச்சிருவா. அன்னைக்குத்தான் அவ பாட்டுப் பாடிக் கேப்பேன்."

"என்ன வேலைன்னாலும் சொல்லுங்க அண்ணாச்சி, நாங்க வர்றோம்" என்று ஜெபராஜையும் சேர்த்து வாக்குக் கொடுத்துவிட்டேன். அவனிடம் கேட்கவில்லை.

மறுவாரம் திட்டம் தெரிந்தது. தரைக்கு அடியில் குழாய். குழாயில் வெந்நீர். வீட்டு பாய்லரிலிருந்து ஒரு கிளை எடுத்து, பிளாஸ்டிக் குழாயைத் தரை முழுக்க வளைத்து வளைத்துப் பரப்பி, மேலே கான்கிரீட் ஊற்றி, அதன்மேல் டைல் ஒட்டினால் தரையே அடுப்பாகிவிடும். அண்ணாச்சிக்கு மருந்துத் தொழிற்சாலையில் குழாய் இன்ஜினியர் வேலை. "ஆளைக் கூப்பிட்டுச் செய்யலாமே" என்று யாரோ கேட்டதற்கு, நாடகக் கம்பெனி முதலாளியைப் பார்த்து டிக்கெட் வாங்கிவிட்டு வா என்று சொன்னது போல முறைத்தார். டவுன்ஷிப்பில் பெர்மிட் வாங்கினார். எங்கள் சனி ஞாயிறுகளையும் வாங்கினார்.

எல்லாருக்கும் ஹாலில் நிரந்தர இடம் உண்டு. யாரும் ஒதுக்கவில்லை, ஆனால் மாற்றி உட்கார்ந்தால் கலவரம் ஆகிவிடும். அண்ணாச்சி என்ன செய்தார் தெரியுமா? ஒரு வெள்ளிக்கிழமை எல்லாரையும் அவரவர் இடத்தில் முழங்கால் போடச் சொல்லி, சாக்பீஸை எடுத்து ஒவ்வொருவரைச் சுற்றியும் கோடு போட்டார். "முட்டி எங்கன வருதோ அங்கன குழாயை நெருக்கிப் போட்ருவேன். டாக்டரம்மாவுக்கு ரெண்டு சுத்து கூட." ஒவ்வொரு உருவத்துக்கு மேலும் பெயரும் எழுதினார்.

மறுநாள் காலை, குழாய்க்கு அடியில் பரப்ப வேண்டிய தெர்மாகோல் பலகைகளை இறக்க வந்த வெள்ளைக்காரப் பையன் ஹாலுக்குள் எட்டிப் பார்த்தான். தரை முழுக்கச் சாக்பீஸில் குப்புற விழுந்த மனித உருவங்கள், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் புரியாத எழுத்தில் ஏதோ. நடுவில் இரும்புக் கம்பியோடு அண்ணாச்சி. "கம், கம். மை ப்ரேயர் பீப்பிள்" என்று அன்பாகக் கூப்பிட்டார். அவன் பலகைகளை வாசலிலேயே போட்டுவிட்டுக் கையெழுத்துக்கூட வாங்காமல் வண்டியை எடுத்தான்.

குழாய் விரித்த கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அது சுருளாக வரும். கட்டை அவிழ்த்ததும் அதற்கு ஒரு சுதந்திரம் கிடைத்துவிடுகிறது. நான், ஜெபராஜ், இன்னும் இரண்டு கம்ப்யூட்டர் இன்ஜினியர்கள், நாலு பேரும் நாலு பக்கம் பிடித்தோம். ஒருவன் தும்மினான். அவ்வளவுதான். குழாய் திமிறிப் பழைய வட்டத்துக்கே திரும்ப, எங்களில் மூன்று பேர் அதற்குள் இருந்தோம். ஜெபராஜின் ஒரு கை மட்டும் வெளியே தெரிந்தது. அண்ணாச்சி மேலே நின்று பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டர்ல இதெல்லாம் சொல்லித் தரலியோ?" என்றார். மதினி வந்து கத்திரிக்கோலை நீட்ட, "வெட்டிராத தாயி, எணைப்பு இல்லாம ஒரே குழாயாப் போணும்" என்று பதறி அவரே எங்களை ஒவ்வொருவராக உருவி எடுத்தார்.

கான்கிரீட் ஊற்றும் முன் குழாயில் காற்றை அடைத்து, அழுத்தம் காட்டும் மீட்டரில் முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். முள் இறங்கியது. ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும் என்று சோப்பு நுரையைத் தடவிக்கொண்டே போனோம், மதினி வாளி வாளியாக நுரை கரைத்துக் கொடுத்தார். ஓட்டை குழாயில் இல்லை. பாய்லர் பக்கத்து முனையில் அண்ணாச்சி ஒரு திருகை முடுக்காமல் விட்டிருந்தார். வேலை தொடங்கும் முன் ஒரு ஜெபம் செய்திருந்தார், திருகை முடுக்கும்போது அது மறுபடி வந்துவிட்டதாம்.

"கையை வெச்சுக்கிட்டே ஜெபிக்கக் கூடாதா?" என்று மதினி கேட்டார். "எதுக்கு இப்பிடிப் பாதில விட்டுட்டுப் போறிய?"

"கண்ணை மூடுனா கை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியுமாட்டி?"

கான்கிரீட் லாரி வந்த நாளில் விஷயம் எல்லை மீறியது. டிரைவர் நல்ல மனிதர், ஆறடி உயரம். ஊற்றலாமா என்று கேட்டார். அண்ணாச்சி, "ஒன் மினிட். ஸ்மால் ப்ரேயர்" என்றார். டிரைவர் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எருசலேம் போயிற்று. ஐரோப்பாவில் டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆப்பிரிக்காவில் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார், குளிர். டெல்லியில் லாரியில் ஏறி ஒரு சாண்ட்விச்சைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தார். ஏற்கெனவே தள்ளுவண்டியில் கொட்டியிருந்த கான்கிரீட் மதுரையில் கெட்டியானது. அந்தத் தள்ளுவண்டி அதே நிலையில் பின்பக்கத் தோட்டத்தில் ரொம்ப காலம் இருந்தது. மதினி அதன்மேல் துளசி, கறிவேப்பிலைத் தொட்டிகளை வைத்தார்.

ஊற்றினோம், சமன் செய்தோம், சில வாரம் காயவிட்டோம், டைல் ஒட்டினோம். டிசம்பர் பாதியில் ஒரு வெள்ளிக்கிழமை திறப்பு விழா. டெக்சாஸில் ரிச்சர்ட்சன் பக்கத்திலிருந்து ஒரு பிரசங்கியார் விருந்தினராக வந்திருந்தார். மெலிந்த மனிதர், பெரிய குரல்.

பாய்லர் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வரும். தரைக்கு வெதுவெதுப்பு போதும். இரண்டையும் கலக்க ஒரு வால்வு இருந்தது. காலையிலேயே அண்ணாச்சி அதை மெல்லத் திறந்தார். தரையைத் தொட்டுப் பார்த்தார், ஜில். இன்னும் திறந்தார். மதியம் ஆபீஸிலிருந்து ஓடி வந்து தொட்டார், ஜில். கான்கிரீட் சூடாக நேரமாகும் என்பது தொழிற்சாலைக் குழாய்க்காரருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் டாக்டரம்மா ஆறு மணிக்கு வருகிறார். முழுசாகத் திறந்துவிட்டார்.

பாட்டு முடியும்வரை தரை சும்மா இருந்தது. பிரசங்கியார் ஒரு மரப்பலகை மேல் நின்று, பரிசுத்த ஆவி அக்கினியாக இறங்கி ஜனங்களை எழுப்புவதைப் பற்றிப் பேசினார். அக்கினி இறங்க வேண்டும் என்று கேட்டார். எங்கள் கூட்டம் சாதுவான கூட்டம். பாட்டுக்குக் கைதட்டலாமா கூடாதா என்று கமிட்டி போட்டு இரண்டு வருஷம் பேசி, தட்ட வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள். பிரசங்கியார் எங்களை முழங்கால் போடச் சொன்னார். போட்டோம்.

முதலில் ஜெபராஜ் எழுந்தான். பேடு இல்லாமல் வந்திருந்தான். அடுத்து என் முட்டியில் சுரீர் என்றது. ஒவ்வொருவராக எழுந்து, இடது காலை வைத்து வலது காலைத் தூக்கி, வலதை வைத்து இடதைத் தூக்கி, "ஸ்ஸ்" என்றும் "ஐயோ ஆண்டவரே" என்றும் சொல்லத் தொடங்கினோம். டாக்டரம்மாவுக்கு ரெண்டு சுற்று அதிகம் அல்லவா, அவர் எல்லாரையும் விட உயரமாகக் குதித்தார். பலகை மேல் நின்ற பிரசங்கியாருக்கு ஒன்றும் சுடவில்லை. அவர் கண்களில் தாரை தாரையாகத் தண்ணீர். "இருபது வருஷ ஊழியத்துல இப்படி ஒரு எழுப்புதல நான் பார்த்ததில்ல" என்று இரண்டு கைகளையும் விரித்தார். அண்ணாச்சி அதற்குள் வால்வைத் தேடி பாய்லர் அறைக்கு ஓடிவிட்டார்.

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து முழங்காலைத் தடவினார். "அண்ணாச்சி, ஐ ஆம் ஸாரி. நெக்ஸ்ட் வீக்ல இருந்தே பிரிட்ஜ்வாட்டர்."

"கிறிஸ்துமஸ் வரைக்கும்னு சொன்னீங்கம்மா," என்றார் அண்ணாச்சி. கையில் ஸ்பேனர். "அதுக்கு முன்னால இன்னும் ஒரு வெள்ளிக்கெழம இருக்கு. அது மட்டும் குடுங்க." அந்த மனிதர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. மதினி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றார், உள்ளே போகவுமில்லை, வெளியே வரவுமில்லை. டாக்டரம்மா அவரைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், "ஓகே, ஒன் லாஸ்ட் டைம்" என்றார்.

அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை பனி கொட்டியது. மதியமே இருட்டிய மாதிரி இருந்தது. அண்ணாச்சி முந்தின நாளே வால்வைச் சரியாக வைத்து, இனி எதையும் தொட மாட்டேன் என்று மதினி தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார். நாங்கள் சந்தேகத்தோடு ஷூவைக் கழற்றி, ஒரு விரலை முதலில் வைத்துப் பார்த்தோம். என்ன சொல்வது. மாசி மாதத்து வெயிலில் காயவைத்த போர்வைக்குள் காலை விட்டது போல இருந்தது. டாக்டரம்மா இரண்டு நாள் தொடர்ந்து டியூட்டி பார்த்துவிட்டு வந்திருந்தார். தன் இடத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

முழங்கால் போட்டோம். அண்ணாச்சி தொடங்கினார். ஐரோப்பாவில் எல்லாருடைய நெற்றியும் தரையைத் தொட்டிருந்தது. ஆப்பிரிக்காவில் கன்னம். டெல்லியில் ஜெபராஜ் என் பக்கமாகச் சாய்ந்தான், பிறகு ஒரேயடியாக நீட்டிப் படுத்தான். முதல் 'கடைசியாக'வுக்குப் பின்னால் ஒரு குறட்டை கேட்டது, டாக்டரம்மாவுடையது. நானும் படுத்துவிட்டேன். ஆனால் பசி. பசித்தவனுக்குத் தூக்கம் எப்படி வரும்?

நாகர்கோவில் வந்தது. யாரும் இருமவில்லை. அண்ணாச்சி ஒரு வினாடி நிறுத்தினார், இருமலுக்காகக் காத்திருந்த மாதிரி. அப்புறம் முதன்முறையாக ஜெபம் கடல் தாண்டி எடிசனுக்கு வந்தது. ஒவ்வொருவர் பெயராக வந்தது. டாக்டரம்மா தூங்கியே பல நாளாச்சு, அவளுக்குத் தூக்கம் குடும் என்றார். ஜெபராஜுக்கு வேலை நிலைக்க வேண்டும் என்றார், அது ஆடிக்கொண்டிருப்பதை அவன் எனக்குக்கூடச் சொன்னதில்லை. பாஸ்டனும் கலிபோர்னியாவும் வந்தன. பிறகு என் பெயர் வந்தது.

"இந்தப் பய சாப்பாட்டுக்குத்தான் வாறான் ஆண்டவரே, அது உமக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வரட்டும். அவன் தட்டைப் பாத்தாத்தான் இவளுக்கு ஆக்குன மாதிரி இருக்கு. எந்த ஊருக்கு அவன் போனாலும் அவனுக்குப் பசியும் இருக்கட்டும், சோறும் இருக்கட்டும்."

நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். மூக்கு மட்டும் உறிஞ்சிவிட்டது, அது தூக்கத்தில் வருகிற சத்தம் போல இருந்திருக்கும் என்று நம்புகிறேன். அண்ணாச்சி ஆமென் சொன்னார். பதிலுக்கு ஒரு சத்தமும் இல்லை. கண்ணைத் திறந்து பார்த்திருப்பார், ஹால் முழுக்க நாங்கள் விழுந்து கிடந்தோம். மதினி சோற்றுப் பானையோடு உள்ளே வந்தவர், "அட, என்ன இது?" என்றார்.

"சத்தம் போடாத. தூங்கட்டும். சோத்தைச் சூடா வை," என்று அண்ணாச்சி கிசுகிசுத்தார்.

பிறகு குழம்பு வாசனைதான் எல்லாரையும் எழுப்பியது. டாக்டரம்மா முடியை ஒதுக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். கன்னத்தில் டைலின் கோடு அழுத்தமாகப் பதிந்திருந்தது. எத்தனை மணி என்று கேட்டார், சொன்னதை நம்பவில்லை. தரையைக் கையால் ஒரு தடவை தடவினார்.

"மதினி, அடுத்த வெள்ளிக்கிழமை மீன் வாங்கிட்டு நான் வரேன். ஓக் ட்ரீ ரோட்ல வஞ்சிரம் நல்லா கிடைக்குது. இங்கேதானே?"

"இங்கதாம்மா," என்றார் மதினி. அவ்வளவுதான் சொன்னார். உள்ளே போய் அப்பளம் பொரிக்கும்போது பாடினார், எண்ணெய்ச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

அண்ணாச்சி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தரைச் சூட்டைக் கூட்டிக் குறைக்கச் சுவரில் வைத்திருந்த தெர்மோஸ்டாட்டையே பார்த்தபடி நின்றார். தொட மாட்டேன் என்று சத்தியம் செய்த மனிதர், தொடவுமில்லை. சும்மா நின்றார், தோள் லேசாகக் குலுங்கியது. அவரைப் போய்க் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. எங்கள் ஊர்ப் பக்கம் ஆம்பளைகளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அதனால் மதினியிடம் போய், வயிறு நிரம்பிய பிறகும், இன்னொரு தடவை தட்டை நீட்டினேன்.